பெயரும் பெயர்மறைப்பும்: ஹண்டரின் இரு நூல்களை முன்வைத்து

காலனிய நூல்களைத் தகவற் களஞ்சியங்களாக மட்டும் கொள்ளாது எடுத்துரைப்புப் பனுவல்களாக வாசிக்கும்போது, அவை யாரைப் பெயர் சுட்டுகின்றன, யாருடைய பெயரை மறைக்கின்றன என்பதும் ஆய்வுக்குரியதாகிறது. டபிள்யூ. டபிள்யூ. ஹண்டரின் ‘இந்திய முசல்மான்கள்’ (1871), ‘மாயோ பிரபுவின் வாழ்க்கை வரலாறு’ (1875) ஆகியன இந்நோக்கில் இணைத்து வாசிக்கத்தக்கன.

1864இல் சீனப் பேரரசின் ஆளுகைக்கு எதிராகக் கிழக்குத் துருக்கிஸ்தானத்து முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தனர். 1884இல் சிஞ்சியாங் மாகாணமாக அமைக்கப்பட்ட நிலப்பகுதி இதுவே. கோகந்திலிருந்து வந்த யாகூப் பேக் காஷ்கரில் தம் ஆட்சியை நிறுவினார். பிரித்தானிய இந்திய அரசு அவரைக் கலகக்காரராக நோக்கவில்லை. வணிகப் பெருக்கத்திற்கும் ருசியாவைத் தடுப்பதற்கும் உதவக்கூடிய மன்னராகவே மதித்தது. வைசிராய் மாயோ 1870இல் டி. டி. ஃபோர்சைத்தை யார்க்கந்துக்குத் தூதனுப்பினார். நார்த்புரூக் காலத்தில் 1873இல் புறப்பட்ட இரண்டாம் தூதுக்கும் ஃபோர்சைத்தே தலைவர். 1874 பிப்ரவரியில் வணிக உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

எல்லைக்கு அப்பால் இவ்வாறு முஸ்லிம் கிளர்ச்சியின் விளைவை ஏற்ற அரசு, எல்லைக்குள் ‘வஹாபிகள்’ எனப்பட்டோரை இராசத்துரோகிகளாகத் தண்டித்தது. 1864ஆம் ஆண்டு அம்பாலா வழக்கில் தண்டிக்கப்பட்ட தானேசர் ஜாஃபர் 1866இல் அந்தமானை அடைந்தார். ‘இந்திய முசல்மான்கள்’ நூலில் ஹண்டர் அவரைப் பெயரும் ஊரும் சுட்டியே விவரிக்கிறார். சதி என்னும் கதைக்கு மாந்தர் தேவை. மாந்தர்க்குப் பெயர் தேவை.

மாயோ பர்மாப் பயணத்தை முடித்துக்கொண்டு அந்தமான் வந்தார். 1872 பிப்ரவரி 8ஆம் நாள் மாலை, ஹேரியட் மலையிலிருந்து இறங்கி ஹோப்டவுன் துறையில் படகேறும் வேளையில் ஆயுள் கைதி ஷேர் அலியால் குத்திக் கொல்லப்பட்டார். ஷேர் அலி மார்ச் 11ஆம் நாள் வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார். கொலையாளியின் பெயரோ ஊரோ குலமோ தம் நூலில் இடம்பெறா என ஹண்டர் 1875இல் வெளிப்படையாகவே அறிவிக்கிறார்.

இதனை மாயோவின் மீது பற்றுக்கொண்ட ஒருவரின் துயர வெளிப்பாடு எனக் கொள்வாரும் உளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் முன்னைய நூலோடு ஒப்பிட, இம்மௌனம் துயரத்தால் மட்டும் விளைந்ததாகத் தோன்றவில்லை. ஷேர் அலி பெஷாவரில் ஆங்கில அதிகாரியிடம் பணியாற்றியவர். பழிவாங்கும் கொலைக்காகத் தண்டனை பெற்றவர். வஹாபிகளோடு அவருக்குத் தொடர்பு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. சதிக்கதைக்குள் அடங்காத அவரைப் பெயரிட்டால், அரசுப் பணியாளர் ஒருவர் கொலையாளியானது எவ்வாறு என்னும் வினா எழும். பெயர்மறைப்பு அவ்வினாவைத் தவிர்க்கிறது.

ஆகவே ஹண்டரின் எடுத்துரைப்பில் பெயர், அறத்தின் அடிப்படையில் அன்றி அரசின் தேவைக்கேற்ப வழங்கப்படுகிறது எனலாம். வாழ்க்கை வரலாற்றில் பெயரற்றவனாக்கப்பட்ட கைதி ஆவணங்களில் எஞ்சினார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அந்தமானில் வாழ்ந்த ஜாஃபரோ, ‘காலாபானி’ என அறியப்படும் உருது நூலால் தாமே எடுத்துரைப்பாளர் ஆனார். ஹேரியட் மலை 2021இல் மணிப்பூர் மலையாகவும், போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரமாகவும் பெயர்மாற்றம் பெற்றுள்ளன. பெயரிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினா அத்தீவுகளில் இன்றும் பொருளுடையதே.