பார்டர் இல்லாத பார்டர் கடை

தென்காசிப் பக்கத்துச் சாப்பாடு என்று யூடியூபில் தேடினால் பாதி வீடியோக்கள் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டர். ரஹ்மத் கடை, சின்னச் சின்னப் புரோட்டா, நாட்டுக்கோழி, காடை, சால்னா. பேசுகிறவர் முதல் வாயிலேயே கண்ணை மூடுவார். அப்புறம் ‘பாரம்பரியச் சுவை’ என்பார், ‘குற்றாலத் தண்ணிதாங்க ரகசியம்’ என்பார். வீரகேரளம்புதூர்க்காரனான எனக்கு அந்தப் புரோட்டாவோடு ஒரு சண்டையும் இல்லை. சாரல் காலத்தில் எண்ணாமல் தின்கிற ஆள் நான். சண்டை அந்தப் பேச்சோடுதான்.

முதலில் அந்த ‘பார்டரை’ எடுத்துக்கொள்வோம். இன்றைய கேரள எல்லை அங்கே இல்லை. அது மேற்கே, புளியரையைத் தாண்டி மலையில் இருக்கிறது. பிரானூரில் இருந்தது திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவிலான பழைய எல்லை. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை நம் பக்கம் சேர்ந்ததும் எல்லை போனது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. லாரிகள், மரஅறுவை மில்கள், மலையேறும் பஸ்கள், அருவிக்கு வரும் கூட்டம், இவ்வளவும் ஒரு சாலையில். ராத்திரி பசிக்கிறவனுக்குச் சட்டென்று வயிறு நிறைய வேண்டும். தண்ணியைவிட இந்தப் போக்குவரத்துதான் அந்தச் சாப்பாட்டை வளர்த்தது என்று நினைக்கிறேன்.

இதே கதை அமெரிக்காவின் லூசியானாவிலும் உண்டு. 1755 முதல் பிரிட்டிஷார் கனடாப் பக்கமிருந்து விரட்டிய பிரெஞ்சு மொழி பேசும் குடியானவர்களின் வழிவந்தவர்கள் கேஜன்கள். அவர்களில் ஒருவர் பால் ப்ரூடோம், 13 பிள்ளைகளில் கடைசி, அம்மாவின் அடுப்படியில் சமையல் கற்றவர். 1979இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்தார். அவரை உலகப் புகழாக்கியது மசாலா தடவிக் கருக வாட்டிய ரெட்ஃபிஷ். அது அம்மா வைத்த கறி இல்லை, உணவகத்தில் அவரே உருவாக்கியது. ஆனாலும் கேஜன் சமையல் என்றால் அதுதான் என்று ஊரெல்லாம் நம்பியது. கிராக்கி ஏறி, மீன் குறைந்து, 1980களின் பிற்பகுதியில் அந்த மீனை வணிகத்துக்குப் பிடிக்கவே கட்டுப்பாடு வந்தது.

ப்ரூடோமைக் குறை சொல்லவில்லை. கடையில் பிறந்த சமையலும் மரபுதான். ஆனால் கடையை மட்டுமே ஊராக எழுதினால் வீடு காணாமல் போகும். எங்க பக்கத்து உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கூட்டாஞ்சோறும் எந்த ‘பார்டர்’ போர்டிலும் ஏறவில்லை. அதைச் சமைக்கிறவளுக்கு ‘மாஸ்டர்’ பட்டமும் கிடையாது.

அதே நியூ ஆர்லியன்ஸில் இன்னொரு கடை, டூக்கி சேஸ், 1941இலிருந்து. லியா சேஸ் என்ற கறுப்பினப் பெண்மணி சமைத்த கிரியோல் உணவகம். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உண்பது சட்டவிரோதமாக இருந்த நாளில், சிவில் உரிமைப் போராளிகள் இனம் பாராமல் அதன் மாடியில் கூடி, கம்போ சாப்பிட்டுக்கொண்டே திட்டம் போட்டார்கள். அந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் கம்போவின் ருசியோடு நிறுத்துவதில்லை, யார் யாரோடு உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

நம்மிடம் இல்லாதது அந்தப் பழக்கம். டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த நாடு இது. இங்கே ஒரு முஸ்லிம் முதலாளியின் புரோட்டாக் கடை பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்கார முடிந்தது, யார் வீட்டில் சொல்லாமல் வந்து தின்றுவிட்டுப் போனார்கள் என்பது சால்னாவின் காரத்தைவிடப் பெரிய சேதி. கல்லின் சூட்டில் நின்று மாவு வீசியவர் எந்த ஊர், ராத்திரிக்கு எவ்வளவு சம்பளம் என்பதும் அப்படித்தான். அவர்களில் வயதானவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ‘வேற லெவல்’ என்று கண்ணை மூடிக்கொள்கிறவருக்கு எதிரே நிற்கும் அந்த ஆள் தெரியவே மாட்டார்.