காலண்டர்ப் படத்தின் பின்புலத்தை எப்படி ரசிப்பது?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில், கொடை விழாவை ஒட்டி வள்ளி திருமணமோ அரிச்சந்திர நாடகமோ நடக்கும் இரவில், ஆர்மோனியம் சுருதி சேர்ந்து முன்திரை விலகியதும் ஜனங்களின் கண் ராஜபார்ட்டின் மேல் பதிந்துவிடுகிறது. அவருக்குப் பின்னால் தொங்கும் தர்பார் சீனையும் வனச் சீனையும் ஒரு பொருட்டாக மதித்துப் பார்ப்பவர்கள் சிலரே. அந்தப் படுதாவையே ஒரு முழத்துக்குச் சுருக்கி நம் வீட்டுச் சுவரில் மாட்டியதுபோல் விளங்கும் சாமி காலண்டரின் பின்புலத்துக்கும் இதே கதிதான். என் அபிப்பிராயத்தில், அந்தப் படங்களின் சித்திர சாமர்த்தியத்தில் பாதி அந்தப் பின்புலத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கலையின் பெரிய ஆசான் கோவில்பட்டியிலேயே வாழ்ந்தார். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; சில காலம் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் இருந்தவர்; பின்பு ஊர் ஊராகச் சஞ்சரித்த நாடகக் கம்பெனியில் சீன் எழுதச் சேர்ந்து, கம்பெனி கலைந்துபோகவே, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். அவருடைய தேவி ஆர்ட் ஸ்டூடியோவிலிருந்தும், டி. எஸ். சுப்பையா, டி. எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் முதலிய சிஷ்யர்களின் கையிலிருந்தும் புறப்பட்ட தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியே நாடெங்கும் பரவின.

அவற்றுள் ஒன்றை எடுத்து, அபசாரம் என்று எண்ணாமல், நடுவில் வீற்றிருக்கும் தெய்வத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சி நிற்பது ஒரு நாடக மேடை. கீழே பளிங்குத் தரையோ படிக்கட்டோ. இரு பக்கமும் தூண்கள், அவற்றில் சுருக்கிக் கட்டிய பட்டுத் திரை. அதற்கப்பால் தாழ்ந்த கைப்பிடிச் சுவர். அதற்கும் அப்பால் தடாகம், மலை, ஆகாசம். பக்கத் தட்டி, நடுத் தட்டி, பின் படுதா என்று மேடையில் தனித்தனியே நிறுத்துகிறவற்றை ஒரே தாளில் அடுக்கியிருக்கிறார்கள். தூரத்து மலையின் விளிம்பைச் சற்று உற்றுப் பாருங்கள்: அருகிலுள்ள தூணின் கோடு கத்தியால் வெட்டியதுபோல் இருக்க, மலையோ வெளிறி, ஊதாவும் நீலமுமாய் ஆகாசத்தில் கரைகிறது. காற்றின் கனத்தை வர்ணத்தால் காட்டும் இந்த வித்தையை மேனாட்டுச் சித்திரகாரர்கள் வளர்த்தார்கள். நம் சீன் எழுதுகிறவர்கள் அதைப் பசையில் குழைத்த வர்ணப் பொடியால் சேலைத் துணிபோல் நீண்ட படுதாவில் பழகிக்கொண்டார்கள்.

வர்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன என்று குறை சொல்லும் படித்தவர்கள், அந்தக் கை எந்த வெளிச்சத்தில் பழகியது என்பதையும் யோசிக்க வேண்டும். மஞ்சள் ஒளியில் நீலம் மங்கிக் கறுத்துப்போகும். ஆகவே இரவு விளக்கில், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் துலங்க வேண்டுமென்றால் நீலத்தையும் ரோஜா நிறத்தையும் ஒரு பிடி அதிகமாகவே வைக்க வேண்டும். அந்தப் படங்களைப் பகல் வெயிலில் அல்லாமல், பூஜை அறையில் குத்துவிளக்கின் ஒளியில், இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பாருங்கள். கூச்சலாகத் தோன்றிய வர்ணங்கள் இசைந்து நிற்பதைக் காண்பீர்கள்.

இனி, மறைத்த கையை எடுக்கலாம். தூணுக்கும் படிக்கும் நிழல் உண்டு. தெய்வ வடிவத்தின் மேலோ பெரும்பாலும் வெளியிலிருந்து ஒளி விழுந்த சுவடே இராது. முகத்தின் பின்னால் பிரபை, அதைச் சுற்றிச் சற்று இருண்ட வட்டம், நடுவில் தானே பிரகாசிக்கும் சரீரம். இந்தப் பிரமைக்கு உலகெங்கும் உறவு உண்டு. 1862-ல் லண்டன் மேடையில் பெப்பர் என்பவர், சாய்வாக நிறுத்திய கண்ணாடியில் மறைவிடத்து நடிகரின் பிம்பத்தை விழச் செய்து ஆவியை நடமாட விட்டார். இன்று மேஜை விளையாட்டுக்காக விண்வெளி நகரங்களைச் சாண் உயரத்தில் சமைக்கும் இளைஞர்கள், ஒளி ஊடுருவும் தகட்டில் நீல உருவை எழுதி, அடியில் சிறு விளக்கைப் பொருத்தி, ‘ஹோலோகிராம்’ என்று அழைக்கிறார்கள். 1947-ல் டென்னிஸ் காபர் கண்டுபிடித்த உண்மையான ஹோலோகிராம் வேறு. ஒளியலையின் அளவோடு அதன் கட்டத்தையும் பதிவு செய்வதால், நாம் தலையை அசைத்தால் காட்சியின் கோணமும் மாறும். தகட்டு உருவுக்கு அந்தச் சக்தி இல்லை. ஆயினும் உரு தானே ஒளிர்வதாகத் தோன்ற வேண்டுமானால் பின்னால் இருள் வேண்டும், அதன்மேல் வேறு வெளிச்சம் படலாகாது என்ற விதி, கண்ணாடிக்கும் தகட்டுக்கும் தாளுக்கும் ஒன்றே. விளக்கும் கண்ணாடியும் இல்லாமல், தூரிகையால் மட்டும் அதைச் சாதித்தவர்கள் கோவில்பட்டிக்காரர்கள். அந்த அருமையை நாம் இன்னும் சரியாகப் போற்றவில்லை என்பது என் வருத்தம்.

ஆப்செட்டில் அச்சான பிரதியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அம்பாளின் கன்னம் நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். மூலச் சித்திரத்தின் குழைவு அதில் முழுதும் வராது. எனவே மதிப்பிடுமுன் அச்சின் தரத்தைக் கவனியுங்கள். கடைச் சுவரில் வெயில்பட்டுத் தொங்கிய படமானால் இன்னும் எச்சரிக்கை தேவை: செந்நீலமும் மஞ்சளும் முதலில் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சி, படம் முழுவதும் குளிர்ந்து கிடக்கும். அதைப் பார்த்து ஓவியரின் வர்ண ஞானத்தை எடைபோடாதீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு நிழலில் வைத்த பழைய பிரதி உறவினர் வீட்டில் இருந்தால், கேட்டு இறக்கி, அதிலிருந்து தொடங்குங்கள்.