இருபது மில்லிகிராம்

கொடைக்கானல் என்றதும் நம்மில் பலருக்கு ‘குணா’ படப் பாட்டுதான் காதில் ஒலிக்கும். 2024ல் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ வந்தபிறகு அது இன்னும் உரக்கக் கேட்கிறது. ஆனால் அந்த மலையைப் பற்றி ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் தலைமையகம் உட்கார்ந்து கேட்ட பாட்டு வேறு. 2015 ஜூலை இறுதியில் சோபியா அஷ்ரப் பாடி இணையத்தில் வெளியான ‘கொடைக்கானல் வோன்ட்’. மூன்று ஆண்டுகள் கழித்து அதற்கு ஒரு தொடர்ச்சியும் வந்தது. இந்த இரண்டு பாட்டுகளையும் பிரச்சாரம் என்று ஒதுக்காமல் இலக்கியப் பிரதிகளாகவே வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அவை எதைச் சாதித்தன, யாரை நோக்கிப் பேசின, யாரை விட்டுவிட்டன?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலையை பாண்ட்ஸ் நிறுவனம் 1983 வாக்கில் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது. பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியதும் ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மூச்சோடு போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழலியல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 2006ல் முன்னாள் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். தொழிலாளர்களின் உடல்நலம் பாதரசத்தால் கெடவில்லை என்பதுதான் நிறுவனத்தின் நிலைப்பாடு. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அமைத்த குழுவின் 2011 அறிக்கை அதற்கு மாறாகச் சொன்னது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. பொறுப்பை ஏற்றுத் தந்த இழப்பீடாக அல்ல, மனிதாபிமான அடிப்படையில் தந்த கருணைத் தொகையாக.

முதல் பாட்டின் பலம் அதன் மெட்டில் இருக்கிறது. நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டு அது. அந்த மெட்டே 1992ல் சர் மிக்ஸ்-அ-லாட் பாடிய ஒரு ராப் பாட்டிலிருந்து எடுத்தது. இரண்டுமே கறுப்பினப் பெண்ணின் உடலை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதோடு விளையாடுபவை. உடலைப் பற்றிய ஒரு மெட்டில், பாதரசம் ஏறிய உடல்களைப் பற்றிப் பாடியது நல்ல தேர்வு. இதற்கு முன் போபாலுக்காக டவ் நிறுவனத்தை எதிர்த்துப் பாடிய அனுபவமும் சோபியாவுக்கு உண்டு. யாரைச் சீண்டினால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். பாட்டு பரவிய சில நாட்களிலேயே யூனிலீவரின் தலைமைச் செயல் அதிகாரி ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

‘ஒரு ராப் பாட்டு நீதி வாங்கிக் கொடுத்தது’ என்று அப்புறம் ஒரு கதை உருவாகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பதினைந்து வருஷம் கோட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்தவர்களின் உழைப்பு இந்தக் கதையில் மூன்று நிமிட வீடியோவின் பின்னணிக் காட்சியாகச் சுருங்கிப்போகிறது. பாட்டு கடைசி உந்துதலைக் கொடுத்திருக்கலாம். தேர் அதற்கு முன்பே பாதி வீதி வந்திருந்தது.

2018ல் வந்த ‘கொடைக்கானல் ஸ்டில் வோன்ட்’ பாட்டில் டி.எம். கிருஷ்ணா, அம்ரித் ராவ் ஆகியோரும் சேர்ந்துகொண்டார்கள். இம்முறை பேச்சு தொழிலாளர்களிடமிருந்து மண்ணுக்குப் போனது. குற்றச்சாட்டின் பெயர் ‘சூழல் இனவாதம்’. இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1982ல் வடக்கு கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதியில் நச்சு மண்ணைக் கொண்டுவந்து கொட்டியபோது எழுந்த போராட்டத்தில் வேர்விட்டது அது. குப்பை எங்கே போகிறது என்று பார்த்தால் ஒரு சமூகம் யாரை மனிதராக மதிக்கவில்லை என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான் அதன் சாரம். ஐரோப்பாவில் ஒரு அளவு, கொடைக்கானலில் இன்னொரு அளவா என்று பாட்டு கேட்டது.

இங்கேதான் அந்த எண் வருகிறது. ஆலை மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்: அளவுகோலை எழுதுகிறவன்தான் முடிவை எழுதுகிறான். சோதனை பிறகு நடக்கும் சடங்கு. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009ல் வெளியிட்ட வழிகாட்டு அளவுகளில், குடியிருப்பு நிலத்தில் தனிமப் பாதரசத்துக்கு 1 மில்லிகிராம். கனிம உப்பு வடிவத்தில் இருந்தால் 170. எந்த வரியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இருபது என்பது அநியாயமாகவும் தெரியும், தாராளமான பாதுகாப்பாகவும் தெரியும். ஆக, சண்டை வெறும் எண்ணைப் பற்றியது இல்லை. பாம்பார் சோலையின் விளிம்பில் இருக்கும் நிலத்தை, கும்பக்கரைக்கு இறங்கும் நீரின் தலைமாட்டை, எந்த வகை நிலமாகக் கணக்கில் எடுப்பது? அதை யார் தீர்மானிப்பது?

தீர்மானித்தவர்கள் லண்டன்காரர்கள் மட்டுமில்லை. ‘இனவாதம்’ என்ற சொல் எனக்குப் போதாமல் போகும் இடம் இதுதான். அது பாதி உண்மையைச் சொல்கிறது. மீதிப் பாதி தமிழில் நடந்தது. ஆலையை மேற்பார்வை செய்தவர்கள் நம்மவர்கள். அனுமதி கொடுத்த வாரியம் நம் வாரியம். இருபதுக்குத் தலையாட்டியதும் நம் கோப்புதான். 1845ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் வெயிலுக்குத் தப்பி இங்கே பங்களா கட்டியபோது, அவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் இருந்தார்கள். அந்தப் பாதைக்கே ‘கூலி காட்’ என்று பெயர். வெள்ளைக்காரர்கள் போனார்கள். மேலே இளைப்பாறுகிறவன், அவனைச் சுமந்து வருகிறவன் என்ற ஏற்பாடு போகவில்லை. நாற்காலியில் இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோம். இந்த மலையின் பழங்குடிகளான பளியர்கள் நம் சுற்றுலாக் கண்ணுக்கு இன்றும் படுவதில்லை.

இரண்டு பாட்டுகளும் வெளியே பார்த்துப் பேசுகின்றன. முதல் பாட்டின் மொழி ஆங்கிலம், பேசுகிற குரல் தொழிலாளியுடையது அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை; அதிகாரம் எந்தக் காதால் கேட்குமோ அந்த மொழியில்தான் முறையிட முடியும். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969ல் ‘ரெட் டீ’ நாவலை ஆங்கிலத்தில்தான் எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்த்து ‘எரியும் பனிக்காடு’ ஆன பிறகுதான் நம்மில் பலருக்கு வால்பாறையின் கதை வந்து சேர்ந்தது.

அதே 1969ல் ஜப்பானிலும் ஒரு புத்தகம் வந்தது. மினமாட்டா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனம் கொட்டிய பாதரசத்தால் நோயுற்ற மீனவர்களைப் பற்றி இஷிமுரே மிச்சிகோ எழுதிய ‘குகாய் ஜோடோ’. அவர் அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த ஒரு குடும்பப் பெண். நோயாளிகளின் பேச்சை அவர்களுடைய வட்டார வழக்கிலேயே எழுதினார். அது ஒலிப்பதிவு அல்ல. அவர்கள் மனசுக்குள் பேசிக்கொண்டதை எழுதியதாகப் பின்னாளில் சொன்னார். நிறுவனத்தைக் குற்றம் சொல்வதோடு அந்த நூல் நின்றுவிடவில்லை. நஷ்டஈடு கேட்டவர்களை வெறுத்த சொந்த ஊரையும் முகத்துக்கு நேரே பார்த்தது. அதைச் செய்ய அந்த ஊரின் மொழியே வேண்டியிருந்தது.

தமிழில் இது முடியாததா? ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ சத்தியமங்கலம் மலைக்கு அதைச் செய்து காட்டியது. அதைப் படித்தபிறகு நம் காவல்துறையை நாம் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. கொடைக்கானலுக்கும் அப்படியொன்று வேண்டும். கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பிவிட்டு, அதே உடையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிய ஒருவர் அந்த வாழ்க்கையைத் தன் வீட்டில் எந்த வார்த்தைகளில் சொல்லிக்கொள்கிறார்? சம்பளம் நல்லா இருந்துச்சு என்பதையும் அவர் சொல்லக்கூடும். நீதிமன்ற மனுவில் அந்த வரிக்கு இடமில்லை, பிரச்சாரப் பாட்டிலும் இல்லை. நாவலில் உண்டு.

591 பேருக்குப் பணம் கிடைத்தது. அதை வாங்கிக் கொடுக்க ஆங்கிலம் உதவியது. ஆனால் அந்த 591 வீடுகளிலும் தமிழ் பேசுகிறார்கள், இருபது மில்லிகிராம் போதும் என்று கையெழுத்துப் போட்டவர்களும் தமிழ்தான் பேசுகிறார்கள். அந்த இரண்டு தமிழும் ஒரே புத்தகத்துக்குள் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். அதை எழுதப்போகிறவர் மூஞ்சிக்கல்லிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது.