பென்குயினை எண்ணுகிறவர்களின் உரைநடை

பென்குயினைப் பற்றி எழுதியவர்களை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பென்குயினைப் பார்த்து மனிதனைப் பற்றி எழுதியவர்கள் ஒரு வகை. பென்குயினை எண்ணியவர்கள் இன்னொரு வகை. கூட்டமெல்லாம் முதல் வகைக்குத்தான். இரண்டாம் வகையை நாம் இலக்கியக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அட்டவணை, பிழை வரம்பு, வரைபடம், இதுல படிக்க என்ன இருக்கு என்று தள்ளிவிடுகிறோம். அந்த இரண்டாம் வகைக்காகத்தான் இங்கே வாதாடப் போகிறேன். வெயில் கொளுத்தும் ஜார்ஜ்டவுனில் இருக்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அக்கறை இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

முதலில் ஜார்ஜ் மர்ரே லெவிக். கடற்படை மருத்துவர். ஸ்காட்டின் டெர்ரா நோவா பயணத்தில் அண்டார்டிகா போனவர். 1911–12 கோடையை அடேர் முனையில் கழித்தார். அடேலி பென்குயின்கள் லட்சக்கணக்கில் கூடிக் குஞ்சு பொரிக்கும் இடம் அது. ஒரு முழு இனப்பெருக்கக் காலத்தையும் அங்கேயே இருந்து பார்த்து 1914இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் வரும் பென்குயின், விருந்துக்கு உடுத்திக் கிளம்பிய குட்டிக் கனவான். சும்மா சொல்லக்கூடாது, இன்றைக்குப் படித்தாலும் சுவாரசியமான நூல்தான்.

ஆனால் அவர் பார்த்தது அவ்வளவு மட்டுமில்லை. ஆண் பறவைகள் செத்த பெண் பறவைகளோடு புணர முயல்வதையும், குஞ்சுகளை வதைப்பதையும் பார்த்தார். அந்த இடம் வந்ததும் நோட்டுப்புத்தகத்தில் ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கிரேக்க எழுத்துக்குத் தாவுகிறார். சாதாரண ஆள் யாரும் படித்துவிடக் கூடாதாம். 1915இல் வெளியான அதிகாரபூர்வ அறிக்கையில் அந்தப் பகுதி சேர்க்கப்படவில்லை. வெளியிடுவதற்கல்ல என்ற குறிப்போடு 100 பிரதி மட்டும் அடித்துத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டார்கள். அது பொது வாசகனுக்குக் கிடைத்தது 2012இல், 'போலார் ரெக்கார்ட்' இதழில். கிட்டத்தட்ட நூறு வருடம்.

இதை வெறும் தணிக்கைக் கதையாக வாசிப்பது எளிது. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. புத்தகத்தில் வரும் கனவானும் ஒளித்து வைத்த பக்கங்களில் வரும் போக்கிரியும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். பென்குயின் ஒழுங்காக நடந்தால் கனவான், நடக்காவிட்டால் போக்கிரி. இரண்டிலும் பறவை இல்லை, எட்வர்டு காலத்து ஆங்கிலேயர்தான் இருக்கிறார். அதே லெவிக், பறவைகள் வந்து சேர்ந்த நாள், முட்டையிட்ட நாள், எத்தனை நாள் பட்டினி கிடந்தன என்று குறித்து வைத்தாரே, அந்தப் பக்கங்களுக்கு வயதாகவில்லை.

அடுத்து, நாம் எல்லாரும் பார்த்த படம்: லூக் ஜாக்கே இயக்கிய 'மார்ச் ஆஃப் த பென்குயின்ஸ்' (2005). ஆஸ்கர் வாங்கியது. பிரெஞ்சு மூலத்தில் நடிகர்கள் பென்குயின்களாகவே பேசுவார்கள். ஆங்கிலத்தில் மார்கன் ஃப்ரீமன் கதை சொல்வார். பேரரசப் பென்குயின்களின் காதல், பிரிவு, தியாகம். அமெரிக்காவில் சிலர் இதைக் குடும்ப விழுமியங்களுக்கான சாட்சியாகவே தூக்கிப் பிடித்தார்கள். பாவம், அடுத்த வருடம் பெரும்பாலான பேரரசப் பென்குயின்கள் வேறு இணையோடு சேரும் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

படம் எடுக்கப்பட்ட இடம் அடேலி நிலத்தில், பிரெஞ்சு ஆய்வு நிலையத்தை ஒட்டிய குடியிருப்பு. அதே குடியிருப்பை 1950களிலிருந்து ஆய்வாளர்கள் எண்ணி வருகிறார்கள். 1970களின் பிற்பகுதியில், வழக்கத்தைவிட வெப்பம் கூடிய சில வருடங்களில், அங்கே பறவைகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. 2001இல் 'நேச்சர்' இதழில் இது வந்துவிட்டது. படம் வந்தது நான்கு வருடம் கழித்து. பனியும் காதலும் திரை முழுக்க இருக்கின்றன, அந்தப் பாதி மட்டும் இல்லை. அழுகை படத்தில் வந்தது, சேதி அட்டவணையில் இருந்தது.

எண்ணுவது அப்படி என்ன பெரிய வேலை? அடேலிக்குக் கூழாங்கல் கூடு உண்டு. முட்டையிட்ட கையோடு போனால் கூட்டுக்கு ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். ஒரு கூடு, ஒரு ஜோடி. ஒரே கூட்டத்தை மூன்று முறை எண்ணி, வித்தியாசம் அதிகமானால் மறுபடியும் எண்ணுவார்கள். தன் கண்ணையே நம்பாத எழுத்து இது. பேரரசப் பென்குயினுக்குக் கூடே கிடையாது. முட்டையைக் காலில் ஏந்திக்கொண்டு, கும்மிருட்டுக் குளிர்காலத்தில், கடல்மீது உறைந்த பனியில் நிற்கும். அங்கே மனிதர் போவதே பெரும்பாடு. அதனால் 2009இல் செயற்கைக்கோள் படங்களில் தேடினார்கள். பறவை தெரியாது. அதன் எச்சம் பனியில் விட்ட பழுப்புக் கறைதான் தெரிந்தது. கறை இருக்கும் இடத்தை இன்னும் துல்லியமான படங்களில் பெரிதாக்கி, எது பனி, எது நிழல், எது எச்சம், எது பென்குயின் என்று பிரித்தார்கள். 2012இல் வந்த விடை: 46 குடியிருப்புகள், ஏறத்தாழ 238,000 ஜோடிகள்.

நிழலையும் பறவையையும் பிரிக்க எவ்வளவு திணறினோம் என்பதையும், இது ஒரே ஒரு பருவத்தின் கணக்கு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நம்மில் எத்தனை பேர் கதை எழுதும்போது இதைச் செய்கிறோம்?

எதிர்வாதம் எனக்கும் தெரியும். எண் யாரையும் அசைக்காது, கதைதான் அசைக்கும் என்பார்கள். ஹாலி குடாவைப் பாருங்கள். அண்டார்டிகாவின் இரண்டாவது பெரிய பேரரசப் பென்குயின் குடியிருப்பாக இருந்தது. 2016இல் கடற்பனி முன்கூட்டியே உடைந்தது. நீர் ஒட்டாத இறகு முளைக்காத குஞ்சுகள் தப்பியிருக்க முடியாது. 2017இலும் 2018இலும் குஞ்சு இல்லை. யாரும் நேரில் நின்று பார்க்கவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் கறை இல்லை, அவ்வளவுதான். அந்த வெற்றுப் பனியின் படத்தைவிடக் கனமான இரங்கற்பா எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது பினாங்கு. படகேறி பட்டர்வொர்த்தில் இறங்கி வடக்கே போனால் தெலுக் ஆயர் தாவார் தொடங்கி கோலா மூடா வரை சேற்றுக்கரை. துருவத்துக்கும் இந்தச் சேற்றுக்கும் சம்பந்தம் உண்டு. வளைந்த அலகுள்ள உள்ளான்கள், சாம்பல் உப்புக்கொத்திகள், பட்டைவால் மூக்கன்கள் எல்லாம் சைபீரியாவின் வடதுருவ வெளியில் குஞ்சு பொரித்துவிட்டு நம் பக்கம் வருகிறவை. பென்குயின் இனப்பெருக்கத்துக்குக் கூடும், பிறகு கடலில் கலையும். இவை நேர்மாறு: இனப்பெருக்கத்துக்குத் துருவத்தில் சிதறும், பிறகு சேற்றில் கூடும். அங்கே எண்ணுவது கடினம் என்பதால் இங்கே எண்ணுகிறார்கள். 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அலை ஏறிச் சேறு மூழ்கும்போது பறவைகள் மேட்டில் ஒதுங்கும். தொலைநோக்கியோடு நிற்கிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். நம்ம ஆட்களுக்கு அவையெல்லாம் 'கொக்கு'.

இந்த எண்ணால் என்ன ஆகும்? தென்கொரியாவில் சேமாங்கும் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் கடற்சுவர் கட்டி 2006இல் அடைத்தார்கள். பறவைகள் பக்கத்துக் கரைக்குப் போய்விடும் என்று சொல்லப்பட்டது. கிரேட் நாட் என்ற உள்ளான் வகை அங்கே பல்லாயிரக்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கரைகளில் எண்ணினார்கள், அந்த அளவுக்குக் கூடவில்லை. அவை குளிர்காலம் கழிக்கும் ஆஸ்திரேலியாவில் எண்ணினார்கள், குறைந்திருந்தது. வேறு இடம் போயிருக்கும் என்ற ஆறுதல் கதையை உடைத்தது பல ஊர்களில் பல வருடம் சேர்ந்த வறண்ட எண்கள்தான். பினாங்குத் தீவின் தெற்கே கடலைத் தூர்க்கும் வேலை 2023இல் தொடங்கியது. அடுத்து எந்தக் கரை என்று யாருக்கும் தெரியாத ஊரில் அந்தக் கதை மறுபடியும் சொல்லப்படும். அப்போது பதில் சொல்ல ஜனவரிக் கணக்குகள் வேண்டும்.

நம் மரபில் பறவையைத் தூது அனுப்புவோம். பறவை போகும், சுமப்பது நம் சேதி. சத்திமுற்றப் புலவர் தன் வறுமையை நாரையிடம் சொல்லி அனுப்பினார். ஆனால் அனுப்புவதற்கு முன் அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்கு என்று பார்க்க அவருக்குக் கண் இருந்தது. தூதை நாம் வைத்துக்கொண்டோம், கண்ணை விட்டுவிட்டோம். எண்ணுகிறவர்களின் உரைநடையில் எனக்கு அந்தக் கண் திரும்பக் கிடைக்கிறது. அங்கே பறவை தன் சேதியைத் தானே கொண்டு வருகிறது. அதை வாசிக்கிற பழக்கம் நமக்கு வரணும்.