கொட்டியாரக் கரையின் அலறல்

1660இல் கொட்டியாரக் குடாவில் பாய்மரம் பழுதுபார்க்க வந்து தங்கிய ஆங்கிலேயரைக் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவரின் மகன் றொபேட் நொக்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. தந்தை காவலிலேயே இறந்துபோனார். மகன் 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பி ஓடி, 1681இல் லண்டனில் தன் நூலை வெளியிட்டார். அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் மூதூர்ப் புளியமரத்தடியில் 1893இல் ஒரு நினைவுக்கல்லும் நட்டார்கள். தோப்பூர் என்ற ஊர் அங்கிருந்து அதிக தூரமில்லை.

நொக்ஸின் நூலை வரலாற்றுக்காரர் வரலாறாகவே படிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமானது பேயைப் பற்றிய ஒரு சிறு பகுதி. மலைநாட்டு இரவுகளில் நாய் குரைப்பது போன்ற கீச்சென்ற ஒரு குரலைத் தானே பலமுறை கேட்டதாக அவர் எழுதுகிறார். அந்தக் குரல் யாருக்கும் தீங்கு செய்ததாக அவர் கேள்விப்படவில்லை. ஆனால் அது கேட்பதற்குச் சற்று முன்போ பின்போ அரசன் ஆட்களை வெட்டிப்போடுவான் என்று நாட்டுச் சனம் கவனித்திருந்தது, நொக்ஸும் கவனித்திருந்தார். பேய் கொல்வதில்லை, அரசன் கொல்கிறான், பேய் அதைச் சொல்லுகிறது. இந்தத் தீவின் அமானுஷ்யக் கதைகளைத் திறக்கும் சாவி இந்த வரிகளில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தக் குரல் சிங்களத்தில் உலமா எனப்படும் பறவையினுடையது என்பார்கள். காட்டு ஆந்தை வகை ஒன்றாக இருக்கலாம் என்பது பறவையியலாளரில் பலரின் கருத்து. பறவையின் பிறப்புக்கு ஒரு கதை உண்டு. மனைவி மேல் ஐயங்கொண்ட கணவன் பிள்ளையைக் கொன்று கறியாக்கி வைத்தான். ஒன்றும் அறியாமல் உண்ட தாய், கறிக்குள் பிஞ்சு விரலைக் கண்டாள். காட்டுக்குள் ஓடினாள், பறவையானாள், இன்றும் அலறுகிறாள்.

பிள்ளைக்கறி தமிழருக்குப் புதிதல்ல. பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் வீட்டில் சீராளன் கறியாகிறான். பெயர் சொல்லி அழைத்ததும் பள்ளியிலிருந்து வருபவன் போல ஓடி வருகிறான். கிரிம் சகோதரர் 1812இல் அச்சிட்ட தொகுப்பிலுள்ள ஜூனிப்பர் மரக் கதையில் மாற்றாந்தாய் பையனைக் கொன்று சமைக்க, தகப்பன் உண்கிறான். எலும்பு பறவையாகிப் பாடி, பழி தீர்த்து, மீண்டும் பையனாகிறது. இரண்டிலும் பிள்ளை திரும்பி வருகிறது. சிவனருளோ தேவதைக் கதையின் நீதியோ, எதுவோ ஒன்று கணக்கைச் சரிசெய்கிறது. இலங்கைக் கதையில் பிள்ளை வருவதில்லை, கொன்றவனுக்குத் தண்டனையும் இல்லை; தாயின் குரல் மட்டும் மிஞ்சுகிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை வீதியோரக் கொட்டகைகளில் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஐரோப்பியர் விட்டுச்சென்ற கதை வேறு வகை. திருக்கோணேசர் மலையில் 1687ஆம் ஆண்டு பொறித்த ஒல்லாந்தர் தூண் ஒன்று உண்டு, பிரான்சினா வான் றீட் என்ற பெண்ணின் பெயரில். காதலன் கப்பலேறிப் போவதைக் கண்டு அவள் மலையிலிருந்து பாய்ந்தாள் என்று கதை கட்டினார்கள். அவள் பின்னர் மணம் முடித்து வாழ்ந்தாள் என்கின்றன ஆவணங்கள். பாறை, கடல், கைவிடப்பட்ட கன்னி என்று கோதிக் புனைவின் சாமான் எல்லாம் இருந்தும் அந்தக் கதை என்னை உலுக்கவில்லை.

அச்சுக்கு வந்த தேவதைக் கதையும் திருகோணமலையில் சீக்கிரமே தொடங்கிவிட்டது. எஸ். இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) ஈழத்தின் முதல் தமிழ் நாவல்களில் ஒன்று. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் கரடியிடமும் மற்றவன் அரண்மனையிலும் வளரும் பழைய பிரெஞ்சுக் கதை அதன் மூலம். பேசும் பித்தளைத் தலையும் பறக்கும் மரக்குதிரையும் அந்த மூலக்கதையின் அற்புதங்கள். அந்த வழியில் யாரும் தொடர்ந்து போகவில்லை. 1946இல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் பிறந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் யதார்த்தவாதம் ஈழத்து எழுத்தின் பொதுவிதியானது. மூதூரின் வ. அ. இராசரத்தினம் ‘தோணி’ போன்ற கதைகளில் இந்தக் கரை மனிதருக்கு இலக்கியத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். அது பெரிய கொடை. ஆனால் அந்த மனிதரின் அச்சங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியது அந்தக் காலத்தின் இழப்பு.

தமிழ்நாட்டில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ அத்தகைய அச்சங்களுக்கான கதவை 1943இலேயே திறந்து வைத்திருந்தது. சினிமா தன் பங்குக்கு ‘சந்திரமுகி’யில் (2005) அரசன் எரித்த நாட்டியக்காரியையும், ‘காஞ்சனா’வில் (2011) நிலத்துக்காக அரசியல்வாதி கொன்ற திருநங்கையையும் திரும்பக் கொண்டுவந்தது. பாட்டையும் சிரிப்பையும் தள்ளிவைத்துப் பார்த்தால் நொக்ஸ் கண்ட அதே கணக்குத்தான். ஷெஹான் கருணாதிலகவின் 2022 புக்கர் பரிசு நாவலில் கொல்லப்பட்ட புகைப்படக்காரனே ஆவியாக அலைந்து, தன்னைக் கொன்றது யார் என்று தேடுகிறான்.

தோப்பூரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இது முஸ்லிம் ஊர். மவுத்தானவர் ஆவியாக அலைவார் என்பதை மார்க்கம் ஏற்பதில்லை. இங்கே இருப்பது ஜின்; நெருப்பால் படைக்கப்பட்டு, நல்லதும் கெட்டதுமாக, மனிதருக்குப் பக்கத்திலேயே வாழும் இன்னொரு படைப்பு. மஃரிபு நேரம் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவதும், பயந்த பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் அந்த அண்டை வீட்டு உறவைச் சேர்ந்தவை. பக்கத்துச் சம்பூரில் முனியும் வைரவரும் காவல். ஒரே வயல்வெளிக்கு இருவகை இருட்டு.

2006 ஓகஸ்டில் மூதூரும் தோப்பூரும் ஷெல் வீச்சுக்குள் அகப்பட்டு, சனம் கந்தளாய்க்கு ஓடியது. அதே நாட்களில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் 17 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதை எழுத யதார்த்தம் மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வைக்கம் முகம்மது பஷீர் ‘நீலவெளிச்ச’த்தில் வேறொரு வழியைக் காட்டினார். பேய்வீட்டுக்குக் குடிபோகும் எழுத்தாளன், இறந்துபோன பார்கவியைத் துரத்தாமல், அவளோடு மரியாதையாகப் பேச்சுக் கொடுக்கிறான். ‘பார்கவி நிலையம்’ (1964) என்று அது படமுமானது. ஜின்களை அயலவராகக் கண்டு வளர்ந்த தோப்பூர் எழுத்தாளருக்கு அந்தக் குரல் அந்நியமல்ல. கந்தளாய் முகாமில் பேரப்பிள்ளைகளைத் தூங்கவைக்க மூத்தம்மாமார் சொன்ன கதைகளிலிருந்தே அவர் தொடங்கலாம்.