சைகோனில் கடைசி நாளை எப்படி ரசிப்பது?

வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி நாளை நம்மவர்கள் பெட்டியின் எடை பார்ப்பதிலேயே தொலைத்துவிடுகிறார்கள். வியட்நாம் போகிறவர்கள் பென் தான் சந்தையில் முந்திரிப்பருப்புக்கும் காபித்தூளுக்கும் பேரம் பேசிக் களைத்துப்போய் விமானம் ஏறுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஊரை ரசிக்க உருப்படியான நாளே அதுதான். பிடித்தது, எரிச்சலூட்டியது, புரியாமலே போனது எல்லாம் அதற்குள் மனதில் சேர்ந்து குழம்பிக் கிடக்கும். 'மொத்தத்தில் நல்ல நாடு' என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாமல், அந்தக் குழப்பத்தோடே ஒரு பகல் சுற்றுங்கள். ஊரின் பெயர் இப்போது ஹோ சி மின் நகரம். உள்ளூர்க்காரர்கள் பேச்சில் இன்னும் சைகோன்தான்.

காலையில் ஹோட்டல் பஃபேயை விட்டுவிட்டு நடைபாதைக் கடைக்குப் போங்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல். கண்ணாடி டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை டின் பால், அதன் தலையில் 'ஃபின்' என்கிற சின்ன வடிகட்டி. நம் வீட்டு ஃபில்டரை ஓர் ஆளுக்குச் சுருக்கியது போல இருக்கும். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அதை விரட்ட முடியாது. ரொபஸ்டா கொட்டை என்பதால் கசப்பு முதலில் நாக்கைப் பிடிக்கும், கலக்கி ஐஸில் ஊற்றியதும் இனிப்பு முந்திக்கொள்ளும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அந்த வெயிலில் பசும்பால் கிடைப்பது அரிது என்பதால் டின் பால் வந்தது. பிறகு அதுவே ருசியாகிவிட்டது. இன்று உலகில் பிரேசிலுக்கு அடுத்தபடியாக அதிகம் காபி விளைவது இங்கேதான்.

அந்த ஸ்டூலில் இருந்தபடியே தெருவைப் பாருங்கள். வந்திறங்கிய அன்று பயமுறுத்திய பைக் வெள்ளத்தை இப்போது உங்களுக்குக் கடக்கத் தெரியும்: ஓடக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது, ஒரே சீராக நடக்க வேண்டும், அவர்கள் ஒதுங்கிப் போவார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குள் இப்படி ஒரு நம்பிக்கை அழகுதான். அதற்காக மயங்கிவிடவும் வேண்டாம். அதே பைக்குகள்தான் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, கைத்தடி ஊன்றி வரும் பாட்டி சாலையில் இறங்கி நடக்கிறார். இரண்டையும் பாருங்கள், ஒன்றைக் காட்டி மற்றதை மன்னிக்க வேண்டியதில்லை.

பணத்திலும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருமுவதற்கு முன் பர்ஸை ஒருமுறை எண்ணிவிடுங்கள். சில சமயம் நிஜமாகவே ஏமாற்றியும் இருப்பார்கள்!

பிற்பகலைப் போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், அமெரிக்காவோடு நடந்த போரில் கெரில்லாக்கள் பதுங்கியிருந்த கூச்சி சுரங்கங்களைப் பார்த்திருந்தால்தான் இது முழுதாகப் பிடிபடும். கூச்சியில் சுற்றுலாவுக்காக அகலப்படுத்திய சுரங்கத்திலேயே நாம் கூனிக் குறுகித்தான் நகர வேண்டும். மூங்கில் கூர் பதித்த பொறிக்குழியை வழிகாட்டி சிரித்துக்கொண்டே திறந்து காட்டுவார். வெளியே வந்தால் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வேர்க்கடலைப் பொடியும் தருவார்கள். சுரங்கத்தில் இருந்தவர்களுக்கு அதுதான் சாப்பாடு. இதற்கு நடுவே காட்டுக்குள்ளிருந்து படபடவென்று வெடிச்சத்தம். துப்பாக்கி சுடும் மைதானம் அது. ரவைக்கு இவ்வளவு என்று காசு கட்டினால் ஏ.கே.47-ஐயோ எம்16-ஐயோ எடுத்துச் சுடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் முகம் சுளிக்கும் உரிமை எனக்கு எவ்வளவு என்பதும் தெரியவில்லை. போர் 1975-லேயே முடிந்துவிட்டது. டிக்கெட் கிழிக்கும் பையன் அதற்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவன், அவனுக்கு அது மாதச் சம்பளம்.

அந்த நெருடலோடு அருங்காட்சியகத்துக்குள் போங்கள். அந்தப் போரில் அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நச்சு தலைமுறை தாண்டிச் செய்த வேலையைக் காட்டும் அறையில் சத்தமாகப் பேசுகிறவர்கள் குறைவு. 1975-ல் திறந்தபோது அமெரிக்கர்களின், அவர்களது கைப்பாவைகளின் குற்றங்களைக் காட்டும் இடம் என்றே பெயர் வைத்தார்கள். 1990-ல் அமெரிக்கா என்ற சொல் போயிற்று. 1995-ல் அந்நாட்டோடு தூதரக உறவு ஏற்பட்டபோது 'குற்றங்கள்' என்ற சொல்லும் போய் இன்றைய பெயர் வந்தது. ஒரு நாடே தன் கோபத்தை இருமுறை திருத்தி எழுதியிருக்கிறது. அங்கே இல்லாததையும் கவனியுங்கள்: தோற்ற தென்பகுதிக்காரர்கள் அடைபட்ட 'மறுகல்வி' முகாம்கள், படகேறித் தப்பியவர்கள். எனக்குப் பிடித்தது 'ரெக்வியம்' தொகுப்பு. டிம் பேஜ், ஹோர்ஸ்ட் ஃபாஸ் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் தொகுத்தது. படமெடுக்கப் போய் உயிர்விட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் படங்கள், எந்தத் தரப்பு என்ற பேதமில்லாமல்.

மாலையில், பென் தான் சந்தைக்கு நடை தூரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியையும் காரைக்காலையும் ஆண்ட காலத்தில் சைகோனுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் எழுப்பியது. கோபுரத்தைப் பார்த்ததும் நெஞ்சு நிறையும். உள்ளே போனால் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி ஏந்தி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். கருவறைக்குப் பின்புறக் கருங்கல் சுவரில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு அம்மனிடம் தணிந்த குரலில் முறையிடுகிறார்கள். நம் அம்மன்தான், வேண்டுதல் முறை மட்டும் நமக்குப் புதிது. உரிமையும் அந்நியமும் கலந்த அந்தச் சங்கடத்தை அனுபவியுங்கள், திருத்தப் போகாதீர்கள்.

ஊர் திரும்பியதும் 'எப்படி இருந்தது, போகலாமா?' என்பார்கள். 'சூப்பர்' என்று முடித்துவிடாமல் ஆளுக்கேற்ற பதில் சொல்லுங்கள். சைவக்காரரிடம், காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ் விழும், 'சாய்' என்று பலகை போட்ட பௌத்த சைவக் கடையைத் தேடுங்கள், அமாவாசை பௌர்ணமியில் அங்கே கூட்டம் அள்ளும் என்று. முழங்கால் வலிக்காரரிடம், சுரங்கத்துக்குள் இறங்காதீர்கள் என்று. பிள்ளைகளை அழைத்துப் போகிறவரிடம், அருங்காட்சியகத்தில் எந்த அறையைத் தவிர்க்க வேண்டும் என்று. மீந்த டாங் நோட்டுகளை அங்கே விமான நிலையத்திலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். நம்மூரில் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம்.