வாசலில் வாசிக்கப்படும் உடல்

கோயில் வாசலில் நிற்கிற அறிவிப்புப் பலகையை யாரும் ஒரு பிரதியாகப் படிப்பதில்லை. செருப்பை எங்கே விடுவது என்ற கவலையில் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆண்கள் வேட்டி, சட்டை, பேண்ட், பைஜாமா. பெண்கள் சேலை, தாவணி, துப்பட்டாவோடு சுடிதார். கீழே, கூடாதவற்றின் வரிசை: லுங்கி, அரைக்கால் சட்டை, குட்டைப் பாவாடை, இறுக்கமான ஜீன்ஸ், கையில்லாத மேல்சட்டை. ‘சாமி கும்பிட வர்றவங்க ஒழுங்கா வரணும், இதிலென்ன தப்பு?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்வது சிரமம். தப்பு இருப்பதாகச் சட்டென்று தெரியாமல் இருப்பதே அந்தப் பலகையின் பலம். ‘ஒழுங்கு’ என்கிற சொல் அதன்மேல் எப்படி ஏறியது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கோயில் திருவிழாவுக்குக் கலைநிகழ்ச்சி நடத்த போலீஸ் அனுமதி கேட்டு ஒரு வழக்கு போனது. கேட்டது மேடைக்கு அனுமதி. கிடைத்தது தமிழகக் கோயில்கள் அனைத்துக்குமான உடைக் கட்டுப்பாடு. 2015 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி தந்த அந்த உத்தரவு 2016 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை போட்டது. தடைக்குப் பிறகும் பல வாசல்களில் பலகைகள் அப்படியே நின்றன. நீதிமன்றம் சொன்னதால்தான் வைத்தார்கள் என்றால் நீதிமன்றம் நிறுத்தியதும் எடுத்திருக்க வேண்டுமே. எடுக்கவில்லை. ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு ஆசைக்கு உத்தரவு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இந்த விவாதத்தில் அடிபட்ட சட்டம் 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று தலித்துகளும் நாடார்களும் வைத்தியநாத அய்யருடன் நுழைந்தார்களே, அந்த நுழைவின் தொடர்ச்சியாக வந்த சட்டம். எல்லா இந்துக்களுக்கும் கதவைத் திறந்துவிட்ட அதே சட்டம், உள்ளே ஒழுங்கையும் கண்ணியத்தையும் காக்க விதி செய்யும் அதிகாரத்தைக் கோயில் நிர்வாகத்திடம் கொடுத்தது. சாதியைக் காட்டி வேற்றுமை செய்யும் விதி கூடாது என்றும் சொன்னது. ஆக, சாதி பார்க்கக் கூடாது, உடை பார்க்கலாம். நம்ம ஊரில் இவை இரண்டும் வேறுவேறு வேலையாக எப்போதாவது இருந்திருக்கின்றனவா?

இருந்ததில்லை என்பதற்குத் தெற்கே போனால் போதும். திருவிதாங்கூரில் தோள்சீலைக்காக 1822 தொடங்கி 1859 வரை கலவரங்கள் நடந்தன. 1859 ஜூலை 26 அன்று வெளியான அரச ஆணை நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. கூடவே ஒரு வால்: உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது. துணி உடலை மறைப்பதில் அரசுக்குச் சிக்கல் இல்லை. இவள் யாரென்ற தகவலையும் சேர்த்து மறைத்துவிடக் கூடாது என்பதில்தான் கவனம். மேலானவர் முன் மேலுடல் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த மண்ணில் பணிவின் மொழி. மனிதருக்குச் செய்த அந்தப் பணிவு ஒழிந்துவிட்டது, சாமிக்குச் செய்வது மிச்சமிருக்கிறது. 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த குமரி மாவட்டத்தில், சுசீந்திரம் கோயிலில் ஆண்கள் இன்றும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள்.

2024 டிசம்பர் 31 அன்று சிவகிரித் தீர்த்தாடன மாநாட்டில் மடத்தின் தலைவர் சச்சிதானந்த சுவாமி, இந்தச் சட்டை கழற்றும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்றார். பூணூல் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பட்ட வழக்கம் இது என்பது அவர் வாதம். கேரள முதல்வர் பினராயி விஜயன் ஆதரித்தார். நாயர் சர்வீஸ் சொசைட்டி கண்டித்தது. வழக்கத்தின் தோற்றம் முழுக்க அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். முன்சொன்ன பணிவின் மொழியும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் தோற்றம் எதுவானாலும் விளைவு ஒன்று. சட்டை போன பிறகு நூல் தெரிகிறது, இல்லாதவனிடம் இல்லாமை தெரிகிறது. உடனே ‘மசூதியிலும் குருத்வாராவிலும் தலையை மூடச் சொல்லவில்லையா?’ என்று வருவார்கள். சொல்கிறார்கள். அங்கும் பெண்ணுடலின் மீதே கட்டளை கூடுதலாக விழுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மூடு என்பதும் கழற்று என்பதும் ஒரே கட்டளையல்ல. துணி போர்த்திய தலைகளில் யார் யாரென்று பிரிப்பது கஷ்டம். திறந்த மார்புகளில் அது கண்ணில் குத்துகிறது.

பெண்களின் கதை இன்னும் கேலிக்கூத்து. சுடிதார் வடக்கிலிருந்து, அதிலும் முஸ்லிம்களின் சல்வாரோடு உறவாடி வந்த உடை. நம் பலகையில் இன்று அது பாரம்பரியத்தின் பக்கம் நிற்கிறது. குருவாயூரில் 2007இல்தான் அனுமதித்தார்கள், அதற்கும் பெரிய சர்ச்சை. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலில் 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி அனுமதித்தார், எதிர்ப்பு கிளம்பியது, டிசம்பரில் உயர்நீதிமன்றம் தந்திரியின் சொல்லே முடிவு என்றது. ஆகவே சுடிதாரின் மேலேயே ஒரு முண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். முண்டு இல்லாதவர்களுக்கு வெளியே வாடகைக்குக் கிடைக்கிறது. முன்னால் போனவர் கட்டி அவிழ்த்த அதே துணி, அவர் உடம்புச் சூட்டோடு. தீட்டு பற்றி இத்தனை கவலைப்படும் மரபு இதை எப்படிச் சகித்துக்கொள்கிறது என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

இதெல்லாம் ஆகமம் என்று சொல்லி முடித்துவிடலாமா? 2022 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தில் இதே கோரிக்கை வந்தபோது, பேண்ட்டும் வேட்டியும் சட்டையும் எந்த ஆகமத்தில் இருக்கின்றன என்று அமர்வு திருப்பிக் கேட்டது. தையல் விழுந்த துணியே ஆசாரத்துக்கு ஒவ்வாது என்றிருந்த மரபு பேண்ட்டை ஏற்றுக்கொண்டது, ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் அதைப் போட்டதால். லுங்கியை ஏற்கவில்லை. அதுவும் வேட்டி போல ஒரே சுற்றுத் துணிதான், நீளமும் ஏறக்குறைய அதேதான். கட்டம் போட்டிருக்கிறது, மூட்டித் தைத்திருக்கிறது, முஸ்லிமும் கூலிக்காரரும் கட்டுகிறார்கள். வேறென்ன குற்றம்?

பழைய கோயில் ஒன்றில், பெயர் வேண்டாம், நானே பார்த்தேன். எதிர்ச்சாரியில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கும்பிடு போட வந்தார். லுங்கி, தோளில் துண்டு. வாசல் காவலர் பலகையைக் காட்டினார். அதே நேரத்தில் அரைக்கால் சட்டையோடு வந்த வெளிநாட்டுக்காரருக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு வேட்டி கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். வேலைக்காரருக்கும் அந்த வேட்டியைக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை. கோபுரத்தைப் பார்த்து அங்கேயே கும்பிட்டுவிட்டுப் போனார். காவலர் கெட்டவரில்லை, பார்வையாளர், பக்தர், வேறு யாரோ என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும்படி அந்த வாசல் அவரைப் பழக்கியிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் 1987 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம், வழிபாடு நடக்கிற கோயிலும்கூட. ஒரே பிராகாரத்தில் கேமராவும் கற்பூரமும். அங்கிருந்து அரண்மனைக் கலைக்கூடம் அதிகத் தூரமில்லை. கோயிலில் உற்சவர் பட்டும் மாலையுமாக முகம் மட்டும் தெரிய நிற்பார். அபிஷேகத்தின்போதுதான் உலோகத்தின் உடல் வெளிப்படும். அங்கே சாமிக்கு உடுத்துகிறோம், நாம் கழற்றுகிறோம். கலைக்கூடத்தில் தலைகீழ். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், 1011 வாக்கில் வார்த்தது, பட்டும் மாலையும் இல்லாமல் நிற்கிறார். சடையைத் தலைப்பாகை போலச் சுருட்டிக் கட்டியிருக்கிறார். சாய்ந்திருக்கும் கையின் கீழே காளை இல்லை. இடுப்பில் இருப்பது முழங்காலுக்கு நன்றாக மேலே, தொடையிலேயே முடிந்துவிடுகிற சின்ன ஆடை.